எம்டனும் எவாக்குவேஷனும்: சென்னையின் போர்க்கால வதந்திகள்

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சுடத் தொடங்கியது. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வந்து விழுந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்திலும் ஒரு குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டை அங்கே கீழைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அது சென்னைப் பக்கம் திரும்பவேயில்லை. ஆனாலும் அடுத்த சில வாரங்கள் சென்னைவாசிகளின் பேச்சில் அது தினமும் வந்துகொண்டிருந்தது.

இன்று இரவு வருகிறதாம், கடலூரில் பார்த்தார்களாம், துருப்புகளை இறக்கப்போகிறதாம் என்கிற வகையில் கிளம்பிய பேச்சில், குண்டு விழாத தெருக்களும் காலியாயின. ரயில் நிலையங்களில் கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் நிற்க வேண்டியிருந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. கப்பல் எங்கே இருக்கிறது என்று எழுத அவற்றுக்கு அனுமதியும் இல்லை, உண்மையில் பிரிட்டிஷ் கடற்படைக்கே அது தெரியவும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாத அரசும் தெரியாததை ஒப்புக்கொள்ளாத அரசும் கேட்பவர் காதில் ஒன்றுபோலவேதான் ஒலிக்கும்.

அந்தப் பயத்தை வெறும் பேதைமை என்று தள்ளுவதற்கில்லை. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் மியுல்லர் உண்மையிலேயே வேடம் போட்டுக்கொண்டு வருகிறவர். மூன்று புகைபோக்கிகள் கொண்ட தம் கப்பலில் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பிரிட்டிஷ் கப்பலாகத் தெரியும்படி செய்திருந்தார். அந்த வேடத்தோடுதான் அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார். இப்படி ஒரு கப்பல் கடலில் திரியும்போது, அடிவானத்தில் தெரியும் எந்தப் புகையும் எம்டன்தான் என்று நினைப்பவரை எப்படிக் குறை சொல்வது? நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனைச் சிதைத்துக் கரை ஒதுங்கச் செய்ததும் அதன் கடல் வாழ்க்கை முடிந்தது.

வதந்தியின் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. இலங்கையில் அது ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பியது. ஏங்கெல்பிரெக்ட் என்பவர் போயர் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி. பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி, யால காட்டின் காவலராக வேலை பார்த்துவந்தார். எம்டனுக்கு அவர் இறைச்சி கொடுத்தார் என்று யாரோ சொன்னது போதுமானதாக இருந்தது. கடலோரக் காட்டில் தனியாக வாழ்பவர், பிரிட்டனோடு போரிட்டவர், பிரமாணத்துக்கு வளையாதவர்: சந்தேகத்துக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தன, சாட்சியத்தைத் தவிர. அந்தக் கரையில் எம்டன் இறைச்சி ஏற்றவேயில்லை என்பது போருக்குப் பின் ஜெர்மானியத் தரப்பிலிருந்து தெரியவந்தது.

தமிழ்நாட்டில் வதந்தி எதிர்த்திசையில் வளர்ந்தது. செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார், குண்டு எங்கே விழ வேண்டும் என்று காட்டியதே அவர்தான் என்ற கதை மேடைகளிலும் கட்டுரைகளிலும் இன்றும் உலவுகிறது. திருவனந்தபுரத்தில் பிறந்து ஐரோப்பாவுக்குப் போய், இந்திய விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடியவர் அவர் என்பது வரலாறு. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருந்து இயங்கிக்கொண்டிருந்தார்; எம்டனோ ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனக் கடற்கரையின் சிங்தாவ் தளத்திலிருந்து புறப்பட்ட கப்பல். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட வழியில்லை. அச்சத்தில் பிறந்த வதந்தி ஆபத்து நீங்கியதும் வாடிவிடுகிறது. பெருமிதத்தில் பிறந்தது பாடப்புத்தகம்வரை போய்விடும்.

மொழியிலும் அந்தக் கப்பல் தங்கிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் கில்லாடி, அஞ்சத்தக்கவன் என்று பொருள். அந்தச் சொல்லில் எமனின் பெயர் ஒலிப்பதும் அது நிலைக்க உதவியிருக்கும். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு உண்டான வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரின் வதந்திகள் முதலில் கைத்தொகையில் தொடங்கின. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும், பிரிட்டன் தோற்றால் நோட்டு வெறும் காகிதம் என்ற பேச்சு பரவி, மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிப் பதுக்கினார்கள். அரசு நாணயம் வைத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடு விதித்ததோடு ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிட்டது. சில்லறைத் தட்டுப்பாடு போர் முடியும்வரை விடவில்லை. உலோகத்தை மிச்சப்படுத்த 1943இல் நடுவில் துளையிட்டு அடித்த ஓட்டைக் காலணா அந்தக் காலத்தின் மிச்சம்.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கிய பிறகு பயத்துக்கு நேரடிச் சாட்சிகள் கிடைத்தார்கள். ரங்கூனில் டிசம்பர் 23 அன்று குண்டு விழுந்தது. பினாங்கிலிருந்து ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் மார்ச் 8 அன்று ரங்கூனும் வீழ்ந்தன. கப்பலிலும், அரக்கான், மணிப்பூர் மலைப் பாதைகளில் கால்நடையாகவும் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் வந்து சேர்ந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கும், தஞ்சை, ராமநாதபுரம் கிராமங்களுக்கும் திரும்பியவர்கள் சொன்னது வதந்தி அல்ல, கண்ணால் கண்டது. வெள்ளைக்காரன் நம்மைக் காப்பாற்ற மாட்டான் என்ற முடிவுக்கு ஊர் வந்தது அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான். அரசு அதே மார்ச்சில் தேசிய போர் முன்னணி என்று ஒன்றைத் தொடங்கி வதந்தியை நம்பாதீர்கள் என்று பிரசாரம் செய்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி பீதி கிளப்புவது தண்டனைக்குரிய குற்றமும்கூட. வானொலிப் பெட்டி வைத்திருந்த வெகு சிலர் கதவைச் சாத்திக்கொண்டு பெர்லினையும் டோக்கியோவையும் கேட்டார்கள். காலையில் அது திண்ணைக்கும் காப்பிக் கடைக்கும் வந்துவிடும்.

ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. வங்கக் கடலில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கின. அந்த வாரத்தில்தான் ஜப்பானியப் படை சென்னையை நோக்கிக் கடலில் வருகிறது என்ற தகவல் ராணுவத் தரப்பிலிருந்து கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு எட்டியது. அவர் அதை நம்பினார். நகரில் அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொன்னது. திண்ணைப் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் வைத்திருந்த அரசாங்கம், அந்த ஆண்டின் ஆகப் பெரிய வதந்தியைத் தன் முத்திரையோடு வெளியிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மக்கள் இதை ‘எவாக்குவேஷன்’ என்றே குறிப்பிட்டார்கள். தமிழ்ச் சொல் தேட அப்போது யாருக்கும் நேரமில்லை. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குச் சிதறின. சென்னையில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகை வேண்டாம், விளக்கேற்றி வைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சிய கதை மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குடும்பங்களில் பல காலம் சொல்லப்பட்டது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று, மலபார் சிறப்புப் போலீசாரைக் கொண்டு சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைக் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த வதந்திக்கு நிச்சயமாகப் பலியான உயிர்கள் அவை.

ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் திருகோணமலைத் தாக்குதலுக்குப் பிறகு கிழக்கே திரும்பிவிட்டன. சென்னை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவை ஜப்பானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. 1943 அக்டோபரில் உண்மையாகவே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சென்னையில் குண்டு போட்டது. அதற்காக நகரம் காலியாகவில்லை.

அதே 1942 மார்ச் இறுதியில் வந்த இன்னொரு பொய்ச் செய்தியின் ஆயுள் இன்னும் நீளம். சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்று ராய்ட்டர் அறிவித்தது. காந்தி அவருடைய தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். டோக்கியோவில் நடக்கவிருந்த மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சுவாமி சத்யானந்த புரி, கியானி ப்ரீதம் சிங், கேப்டன் அக்ரம், நீலகண்ட ஐயர் ஆகிய நால்வர் ஒரு விபத்தில் இறந்தது உண்மை. அவர்களுடன் போஸ் இல்லை. அவர் பெர்லினில் இருந்தார். வானொலியில் பேசித் தாம் உயிரோடிருப்பதைத் தெரிவித்தார். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் விமானம் விழுந்து போஸ் இறந்தார் என்று ஜப்பானியச் செய்தி நிறுவனம் ஐந்து நாள் கழித்து அறிவித்தபோது, கேட்டவர்களுக்கு முந்தைய செய்தி நினைவிருந்தது. காந்தியே சில மாதங்கள் அதை ஏற்கவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1950களிலும் நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று பேசிவந்தார். விசாரணைக் குழுக்கள் பல அமைந்தும் சந்தேகம் ஓயவில்லை.

1942க்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. திண்ணை வதந்தி கேட்டவர் சொல்லித்தான் பரவியது. சொன்னவர் யார் என்று பார்த்து நம்பலாம், விடலாம். கைப்பேசியில் வருவது கூடவே ஒரு காட்சியைக் கொண்டுவருகிறது. 2022இல் ‘கீவ் நகரத்துப் பேய்’ என்ற உக்ரைனிய விமானி ரஷ்ய விமானங்களை வீழ்த்துவதாகப் பரவிய காணொளி ஒரு கணினி விளையாட்டில் எடுக்கப்பட்டது. அப்படி ஒரு வீரர் கற்பனை என்று உக்ரைன் விமானப்படையே ஏப்ரல் இறுதியில் ஒப்புக்கொண்டது. எம்டனில் செண்பகராமன் வந்த கதைக்கு நெருங்கிய உறவு இது. வாட்ஸப் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்திக்கு அதை ஒன்றாகக் குறைத்தது.

2025 மே மாதம் இந்திய, பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை அழித்துவிட்டது என்ற செய்தி ஓர் இரவு முழுக்க ஓடியது. அதற்குச் சான்றாகச் சுற்றிய காட்சிகளில் ஒன்று, அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விமானம் விழுந்து எரிந்தபோது எடுத்தது. கராச்சித் துறைமுகம் அன்று தாக்கப்படவில்லை. ஆனால் 1971 டிசம்பர் 4 இரவு இந்தியக் கடற்படை கராச்சியைத் தாக்கியதும், அங்குள்ள கெமாரியின் எண்ணெய்த் தொட்டிகள் அந்தப் போரில் பற்றி எரிந்ததும் நடந்தவை. ஃபிலடெல்ஃபியாவின் தீயைப் பார்த்தவர்களில் பலருக்கு அந்தப் பழைய தீ நினைவில் இருந்தது.