ஆட்டு விரையும் எண்ணெய் ஊசியும்

ஆண்மை குன்றியோர், ஆட்டு விரையிட்டுக் காய்ச்சிய பாலில் ஊறிய எள்ளை உண்ணுமாறு சுசுருத சங்கிதை கூறுகிறது. உறுப்பைச் சரியாகவே இனங்கண்டனர், வழிதான் பிழைத்தது. விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்குமேயன்றிச் சேமித்து வைப்பதில்லை. உண்ட சிறிதளவையும் கல்லீரல் சிதைத்துவிடும்.

1889இல் பாரிசில், 72 வயதான பிரவுன்-செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியால் செலுத்திக்கொண்டு, இளமை மீண்டதாக அறிவித்தார். அச்சுரப்போ நீரில் கரைவது அரிது. அவர் கண்டது பெரும்பாலும் நம்பிக்கையின் பயனே.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டே பூட்டெனான்டும் ருசிக்காவும் கொலஸ்டிராலிலிருந்து அதனை ஆக்கினர். எஸ்டராக்கி, எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்திய பின்னரே சுரப்புக் குறைந்தோர்க்கு மெய்ப்பயன் கிட்டியது. மகப்பேறு வேண்டி நாடுவோர்க்கோ எதிர்ப்பயன்தான்: வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு ஆக்கத்தை ஒடுக்கும்.