ஓடுபவர் யார்? ஆங்கில விரைவு வினைகளில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

'ஸ்கர்ரி', 'ஸ்கட்டில்', 'ஸ்கேம்பர்', 'டார்ட்', 'டாஷ்', 'போல்ட்' என்று விரைந்த ஓட்டத்தைச் சொல்லும் வினைகள் ஆங்கிலத்தில் ஏராளம். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே உரைதான்: வேகமாக ஓடுதல், சிற்றடி வைத்து ஓடுதல், திடீரென ஓடுதல். வேகத்தைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்த உரைகளுக்கு அடியில் கிடக்கிறது. நண்டு 'ஸ்கட்டில்' செய்வதைவிடக் குதிரை 'போல்ட்' செய்வது வேகம்தான். ஆனால் அந்த வேறுபாடு நண்டுக்கும் குதிரைக்கும் உரியது, சொற்களுக்கு உரியதன்று. ஓடுபவரை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதையே இச்சொற்கள் முதன்மையாகத் தெரிவிக்கின்றன என்பது என் வாதம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வினையைத் தன்மை இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விருந்திலிருந்து பாதியில் கிளம்பும் லண்டன்காரர் 'ஐ மஸ்ட் டாஷ்' என்பார். கடைக்குப் போய்வருவதற்கு 'நிப்', 'பாப்' என்ற வினைகள் அவர் நாக்கு நுனியில் இருக்கின்றன. முன்னது கிள்ளுவதற்கான சொல். பின்னது மூடி தெறிக்கும் ஓசை. 'இதோ வந்துவிட்டேன், யாருக்கும் சிரமமில்லை' என்ற பணிவு இரண்டிலும் உண்டு. 'ரஷ்' என்பதிலோ கொஞ்சம் பெருமையே கலந்திருக்கிறது. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அலுத்துக்கொள்பவர், தாம் இல்லாமல் வேலை நடக்காது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். ஆனால் 'ஐ ஸ்கட்டில்ட்' என்று எவரும் தம்மைப் பற்றி நேராகச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் தம்மைத் தாமே கேலி செய்கிறார் என்று பொருள். நான் 'டாஷ்' செய்கிறேன், அவன் 'ஸ்கட்டில்' செய்கிறான். தூரமும் நேரமும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

சொற்பிறப்பும் இந்தப் பிளவுக்கு ஓரளவு துணை நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பீட்' என்றால் வெற்றி, செழிப்பு. பயணம் புறப்படுபவரை வாழ்த்தும் 'காட்ஸ்பீட்' அந்தப் பொருளின் எச்சம். 'குவிக்' என்பது உயிருள்ளது. வடமொழியின் 'ஜீவ' அதற்குத் தூரத்து உறவு. பாதரசம் 'குவிக்சில்வர்' ஆனது அது உயிருள்ள வெள்ளிபோல் நெளிவதால். 'ஃபாஸ்ட்' இன்னும் விசித்திரமானது. அசையாமல் உறுதியாக நிற்பதைச் சொன்ன சொல், விடாமல், முழுமூச்சாக என்ற பொருள்களைக் கடந்து ஓட்டத்துக்கு வந்துசேர்ந்தது. ஆழ்ந்த உறக்கத்தைச் சொல்லும் 'ஃபாஸ்ட் அஸ்லீப்' தொடரில் பழைய அசையாமை இன்னும் இருக்கிறது. மூன்றும் நல்ல பொருளில் பிறந்தவை. மறுபுறம், 'ஸ்கேம்பர்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது தப்பியோடுவதைக் குறித்தது. 'ஸ்கெடாடில்' 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பாசறைகளில் பரவியபோது, புறமுதுகிட்ட எதிரியை ஏளனம் செய்யப் பயன்பட்டது. 'ஸ்கேம்பர்' இன்று குழந்தைகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் வழங்குகிறது. ஏளனம் செல்லமாகிவிட்டது, சிறியவர் என்ற மதிப்பீடு மட்டும் போகவில்லை. நீதிபதி ஒருவரை 'ஸ்கேம்பர்' செய்ய வைத்தால் அந்த வாக்கியம் நகைச்சுவையாகிவிடும்.

இவற்றில் பல 'ஸ்க்' என்று தொடங்குவதால், ஓசையே பொருளைத் தருகிறது என்று சிலர் கருதக்கூடும். இத்தகைய ஒலிக்கொத்துகளுக்கு 1930இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டவர் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். 'ஸ்கூல்', 'ஸ்கில்', 'ஸ்கை' ஆகியவையும் அதே ஒலியில்தான் தொடங்குகின்றன. அவற்றில் எதுவும் ஓடுவதில்லை. ஆனாலும் இந்தக் கருத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. 'ஹர்ரி' என்பதோடு எதுகையாக ஒட்டி 18ஆம் நூற்றாண்டில் 'ஹர்ரி ஸ்கர்ரி' என்ற இரட்டை வழங்கியது. பின்பாதி தனியே கழன்று வினையாக நிலைத்தது. அவசரத்தைக் கேலியாக்க அந்த ஒலி பொருத்தமாகப் பட்டிருக்கிறது. ஓசை பொருளைப் படைப்பதில்லை. இருக்கும் கூட்டத்தில் புதிய ஆளைச் சேர்க்கிறது.

இச்சொற்களின் தீர்ப்பு அரசியலில் என்ன வேலை செய்யும் என்பதற்கு 'ஸ்கட்டில்' நல்ல சான்று. உண்மையில் அது இரண்டு சொற்கள். ஒன்று நண்டுபோல் விரைந்தோடுவது. மற்றது கப்பலில் ஓட்டையிட்டு அதைத் தாமே மூழ்கடிப்பது. பிறப்பில் இரண்டுக்கும் தொடர்பில்லை. எகிப்து, சூடான் விவகாரங்களில் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசைத் தாக்கியவர்கள் 1880களிலேயே இந்த வசையைக் கையாண்டார்கள். பின்வாங்குதல் என்று சொல்லியிருந்தால் அது ஒரு கொள்கையாகி, அதற்கு ஆதரவாகவும் வாதாடலாம் என்றாகியிருக்கும். 'ஸ்கட்டில்' செய்வதற்கு ஆதரவாக யார் வாதாட முடியும்?

1946 டிசம்பரில் பர்மா விவாதத்தில் அதே சொல்லை எடுத்த எதிர்க்கட்சித் தலைவர் சர்ச்சில், 1947 மார்ச் 6 அன்று காமன்ஸ் அவையில் இந்தியாவுக்காக அதை மறுபடி எடுத்தார். 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்று பிப்ரவரி 20 அன்று பிரதமர் அட்லி அறிவித்திருந்தார். சர்ச்சில் 'ஸ்கட்டில்' என்பதோடு நிறுத்தாமல் 'ஹர்ரீட்' என்ற அடைமொழியையும் முன்னால் வைத்தார். விரைவு ஏற்கெனவே வினைக்குள் இருக்கும்போது அந்த அடைமொழி எதற்கு? கப்பல் பொருளை ஒதுக்கி, ஓடும் பிராணியைக் கண்முன் நிறுத்தத்தான் என்பது என் ஊகம். அட்லி அரசின் தரப்பில் வழங்கிய பெயர் 'அதிகார மாற்றம்'. அதில் ஓட்டமும் இல்லை, ஓடுபவரும் இல்லை. கடைசியில் நாள் ஆகஸ்ட் 15க்கு முன்னகர்ந்தபோதும் அரசுச் சொல் மாறவில்லை.

இயக்கத்தையும் அதன் விதத்தையும் ஒரே வினைக்குள் அடக்குவது ஆங்கிலத்தின் இயல்பு என்று மொழியியலாளர் லியோனார்ட் டால்மி 1985இல் விளக்கினார். தமிழில் 'நுழைந்தான்', 'இறங்கினான்' என்று வினை திசையைச் சொல்லும். 'குடுகுடுவென', 'விருட்டென', 'தலைதெறிக்க' என்று விதம் வெளியே நிற்கும். தலைதெறிக்க ஓடினான் என்பதை மறுப்பவர் 'ஓடினான், ஆனால் தலைதெறிக்க அல்ல' என்று அடையை மட்டும் கழற்றிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படிக் கழற்ற முடியாது. வேறு வினையைத் தேடி வாக்கியத்தையே மாற்ற வேண்டும். வசைக்கு அது வசதியான ஏற்பாடு.

தன்மைச் சோதனைக்குச் சிக்கல் தரும் சொல்லும் ஒன்று உண்டு. டச்சு மொழியில் குலுக்குவதைக் குறித்த வினையிலிருந்து வந்த 'ஹஸில்', ஆங்கிலத்தில் இடித்துத் தள்ளுவதாகி, அமெரிக்காவில் சுறுசுறுப்பான உழைப்பையும் ஏமாற்றுப் பிழைப்பையும் ஒருசேரக் குறித்தது. இன்று மாதச் சம்பளத்துக்கு மேல் இன்னொரு வேலை பார்ப்பவர் 'சைட் ஹஸில்' என்று தாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். படர்க்கையின் வசை தன்மையின் பெருமிதமாக மாறமுடியும் என்றால், நான் சொல்லும் தீர்ப்பு சொல்லின் நிரந்தரக் குணமாகாது. யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது இடம்மாறும். 'ஸ்கட்டில்' இன்னும் அப்படி மாறவில்லை.