ஏரிப் படமும் மீன் மடுவும்

பாலாற்றில் நீரோடும் நாள் சிலவே. ஆகலின் வட ஆற்காட்டு நாட்டிற்கு ஏரியே உயிர்நாடி. ஏரியுள் ஆழம் எது, மேடு எது என்றறிந்தவனே வலையைப் பயன்பட வீசுவான். அவ்வறிவு படத்திலேறிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சோழர் காலத்து ஊர்ச்சபையார் ஏரி வாரியம் அமைத்து ஏரிகளைக் காத்தனர். முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்ச் சாசனங்கள் இதற்குச் சான்றாம். ஏரி மீனால் வந்த வருவாய் பாசிப்பாட்டம் எனப்பட்டது. அதனைக் கொண்டு வண்டலகற்றிய ஊர்களும் உள. மீன் ஏரியைக் காத்தது. ஏரி மீனைக் காத்தது.

பின்னர் 1883-இல் சென்னை மாகாண அரசினர் ஏரிப் புனருத்தாரணத் திட்டம் தொடங்கி, கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், நீர்ப்பரப்பு என்பவற்றை ஏரிதோறும் அளந்தனர். அவர் கருதியது பாசனமே. எனினும் கொள்ளளவு காண்பான் ஆழமும் காணல் வேண்டுமன்றோ? ஸ்காத்லாந்து தேயத்தில் ஜான் மர்ரே, லாரன்ஸ் புல்லர் என்போர் 1897 முதல் 1909 வரை 562 ஏரிகளின் ஆழமளந்து படம் வரைந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தகைய படத்தை மீன் பிடிப்போன் படிக்குமாறு யாதெனில்: புதுவெள்ளம் வருங்கால் எதிரேறும் மீன் வரத்துக்கால் வாயிற் கூடும். விரால் கரையோரப் புல்லிடைப் பதுங்கும். கெளுத்தி அடிச்சேற்றை நாடும். கோடையில் நீர் வற்ற வற்ற, மதகடிப் பள்ளமும் கரைக்கு மண்ணெடுத்த குழியுமே மீனுக்குப் புகலிடமாம். காவேரிப்பாக்கம் போன்ற பேரேரியில் இவற்றைப் படமின்றித் தேடுவது வீண் உழைப்பாம்.

ஆயினும் படம் காட்டாததொன்று உண்டு. மீன் ஒதுங்கும் பள்ளத்திலேயே கழிவும் படியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடுசாலைகளின் உப்பும் குரோமியமும் நீர்நிலைகளைக் கெடுத்தமை பற்றி உச்ச நீதிமன்றம் 28-8-1996-இல் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ கெட்டதென்னும் ஆய்வையும் அதிற் சுட்டியது. தோல் நமக்குச் சோறிடுவது மெய்யே. அச்சோற்றிற்கு நீரும் வேண்டுமென்பது அதனினும் மெய்.

ஆதலின் ஊர்தோறும் ஏரிப் படத்தைப் பெற்றுப் பொதுவிடத்தில் வைமின். ஆழத்தோடு அடிமண்ணின் சோதனையையும் ஆண்டுதோறும் அதிற் குறிமின். மூத்த வலைஞர்பால் மடுக்களின் பெயர்களைக் கேட்டெழுதுமின். அவர் மறைந்தபின் அப்பெயர் சொல்வார் இலர். நல்ல மடுவென்பது மீன் அகப்படும் மடு மட்டுமன்று. அகப்பட்ட மீனை அஞ்சாது மக்கட்கு ஊட்டத்தகும் மடுவேயாம்.