சம்மணம் போட்டு உட்கார வைத்தால் தெரிந்துவிடும்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளை பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இனவிருத்திக்கான பூச்சிக்காளை என்றால் பின்னால் போய்க் குனிந்தும் பார்ப்பார். காய் இரண்டும் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் அந்தக் காளை வேண்டாம். நாலு பேர் நடுவில் இதைச் சத்தமாகப் பேசுவதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. காய், காயடிப்பு, பொலி என்று காங்கேயம் மண்ணில் இதற்கென்று ஒரு சொல்வளமே இருக்கிறது.

அங்கிருந்து பஸ் ஏறினால் திருப்பூர். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஜட்டியும் பனியனும் தைத்து அனுப்புகிற ஊர். செக்கிங் டேபிளைத் தாண்டாமல் ஒரு பீஸ்கூட பெட்டிக்குள் போகாது. ஆனால் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதப் பையனுக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குளிக்க வைக்கும்போது கவனித்திருந்த அமுச்சி மட்டும் மெதுவாகச் சொல்லுவார்: “பெருசானா தானா எறங்கிக்குமுங்க.”

அமுச்சி சொல்வது முழுப் பொய் இல்லை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு ஒரு விதையாவது பைக்குள் இறங்கியிருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இது 30 பேர் வரை போகலாம். முதல் சில மாதங்களில் குழந்தையின் உடலிலேயே ஹார்மோன் ஒரு முறை பொங்கி எழும். அந்த வேகத்தில் பெரும்பாலானவை இறங்கிவிடும். ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். அதனால் ‘தானா எறங்கிக்கும்’ என்பது ஆறு மாதம் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு தானாக இறங்குவது மிக அபூர்வம்.

இந்த ஆறு மாதக் கணக்கைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது.

சுக்கானைத் தேடியவர்

விதை முதலில் வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறது. பிறகு கீழே பயணப்பட்டு, தொடை இடுக்கு வழியாகப் பைக்கு வந்து சேர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஜான் ஹண்டர், இறந்து பிறந்த கருக்களை அறுத்துப் பார்த்து இந்தப் பயணத்தைத் தெளிவாக எழுதினார். 1762இல் அது அச்சானது. விதையைக் கீழ்நோக்கி வழிநடத்தும் தசைநாருக்கு அவர் வைத்த லத்தீன் பெயருக்குச் ‘சுக்கான்’ என்று பொருள். இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அதே பெயர்தான்.

ஆனால் ஹண்டர் ஒரு சந்தேகத்தையும் விட்டுவிட்டுப் போனார். விதை இறங்காததற்குக் காரணம் அந்த விதையிலேயே உள்ள குறைதான் என்று நினைத்தார். பிறவியிலேயே பழுதான ஒன்றைக் கீழே இறக்கி என்ன ஆகப்போகிறது? இந்த எண்ணம் வெகுகாலம் நீடித்தது.

1820இல் ஜெர்மனியில் ரோசன்மெர்க்கெல் என்பவர் அறுவை செய்து பார்த்தார், வெற்றி கிடைக்கவில்லை. மயக்க மருந்து இல்லாத, கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலம் அது. 1877இல்தான் எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு இதை வெற்றிகரமாகச் செய்தார். விதை வழிதவறி, பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துப் பையின் அடியில் வைத்துத் தைத்தார். அவருக்கு முன்னால் அதே பேராசிரியர் நாற்காலியில் இருந்தவர் ஜோசப் லிஸ்டர். புண்ணில் சீழ் பிடிக்காமல் காப்பது எப்படி என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அன்னண்டேலின் வெற்றியில் பாதி லிஸ்டருடையது.

1899இல் சிகாகோவில் ஆர்தர் டீன் பெவன் இன்றைய அறுவையின் அடிப்படையைப் போட்டார். வெறுமனே இழுத்துத் தைத்தால் விதை மறுபடி மேலே ஏறிவிடும். அதனால் கூடவே இருக்கும் குடலிறக்கப் பையைப் பிரித்துக் கட்டி, ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள பிணைப்புகளை விடுவித்து நீளம் சம்பாதிக்க வேண்டும் என்றார். இதற்குப் பிறகும் சில கொடுமையான முறைகள் வந்தன. விதையைத் தொடைச் சதையோடு சேர்த்துத் தைத்து, பையும் தொடையும் ஒட்டியபடியே பையனை மாதக்கணக்கில் நடமாட விட்டு, பிறகு இன்னொரு அறுவையில் பிரித்தார்கள். 1909இல் டோரெக் சொன்ன வழி அது.

கையின் வேலை

1938இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டெனிஸ் பிரவுன், இறங்காத விதையைக் கண்டறிவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறுவைக்கு அனுப்பப்படும் பையன்களில் பலருக்கு உண்மையில் நோயே இல்லை என்பது அவர் வாதம். குளிர்ந்த அறை, குளிர்ந்த கை, பயந்த குழந்தை: மூன்றும் சேர்ந்தால் விதை தசைச்சுருக்கத்தால் மேலே ஓடிவிடும். அது ஓடியாடும் விதை. பிடித்துக் கீழே விட்டால் அங்கேயே நிற்கும். வருடம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும், கத்தி வேண்டாம். உண்மையிலேயே இறங்காதது, இழுத்து விட்டதும் ரப்பர் போல மேலே போய்விடும். அல்லது கைக்கே சிக்காது.

இன்றும் பரிசோதனை இவ்வளவுதான். வெதுவெதுப்பான அறை, வெதுவெதுப்பான கை. கொஞ்சம் வளர்ந்த பையனென்றால் சம்மணம் போட்டு உட்கார வைப்பார்கள், அப்போது அந்தத் தசை தளர்ந்துகொடுக்கும். ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சம்மணத்துக்கு வைத்திருக்கும் பெயரே தையல்காரர் உட்காரும் விதம் என்பதுதான். பவர் டேபிள் வந்தபிறகு திருப்பூர் டெய்லர் யாரும் அப்படி உட்காருவதில்லை, அது வேறு கதை.

இதற்கு ஸ்கேன் தேவையா? பல பெற்றோர் முதலில் செலவழிப்பது அதற்குத்தான். ஆனால் கைக்குச் சிக்காத விதையில் பாதியைக்கூட அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுப்பதில்லை. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதன் கண்டறியும் திறன் 45 சதவீதம்தான் என்று தெரிந்தது. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் 2014 வழிகாட்டி, அனுப்புவதற்கு முன் ஸ்கேன் எடுக்காதீர்கள் என்றே சொல்கிறது. ரிப்போர்ட் கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் இன்னும் ஒரு வருடம் ஓடிவிடுவதுதான் ஆபத்து. வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்க 1976 முதல் லேப்ராஸ்கோப் இருக்கிறது. பார்த்த கையோடு அறுவையையும் தொடங்கிவிடலாம்.

இறங்கிக்கொண்டே வந்த வயது

1920களில் சிகாகோவில் கார்ல் மூர் விலங்குகளை வைத்து ஒன்றை நிறுவினார்: விதைப்பை ஒரு குளிர்சாதனம். உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் விந்தணு உருவாகும். வயிற்றுச் சூட்டில் கிடக்கும் விதை வெந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் ஹண்டரின் சந்தேகம் பாதியாவது தவறு. பழுதானதால் இறங்காமல் இருப்பது மட்டுமில்லை, இறங்காததால் பழுதாவதும் நடக்கிறது.

எப்போது பழுதாகிறது? ஒரு காலத்தில் பருவம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 1970களில் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டாம் வயதிலேயே அணுக்கள் குறைவது தெரிந்தது. அறுவைக்கான வயது பள்ளி சேரும் வயதுக்கு இறங்கியது, பிறகு ஒரு வயதுக்கு. 2007இல் நார்டிக் நாடுகளின் நிபுணர்கள் கூடி ஆறு முதல் பன்னிரண்டு மாதம் என்றார்கள். 2014 அமெரிக்க வழிகாட்டி, ஆறு மாதத்தில் அறுவை நிபுணரிடம் அனுப்பி, பதினெட்டு மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்கிறது. விதை இறங்க மறுத்த இடத்தில் வயது இறங்கி வந்திருக்கிறது.

தாமதத்துக்கு விலை உண்டு. 2007இல் வெளியான சுவீடன் ஆய்வு, அறுவை செய்துகொண்ட 16,983 பேரைப் பின்தொடர்ந்தது. 13 வயதுக்குள் செய்தவர்களுக்கு விதைப் புற்று வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இரு மடங்குக்குச் சற்று மேல். 13க்குப் பிறகு செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, இந்தப் புற்றே அபூர்வமானதுதான். ஒரு பக்கம் மட்டும் இறங்காதிருந்து அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அப்பாவாகிறார்கள். இரண்டு பக்கமும் என்றால்தான் அது மூன்றில் இரண்டாகக் குறைகிறது.

யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கென்று தனி அறுவைத் துறை 1960களில் எழும்பூரில் எம்.எஸ். ராமகிருஷ்ணன் போன்றவர்களால் வளர்ந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு நீண்ட காலம் கோவைதான் கதி. 1955இல் தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. தொடங்கியதும் கோவையில்தான், 1966இல் மருத்துவக் கல்லூரி வந்ததும் அங்கேதான். 2009இல் தனி மாவட்டமான திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்.

இன்று அறுவை எளிது. இடுக்கில் சின்னக் கீறல், பையின் தோலுக்கடியில் ஒரு பாக்கெட், அதற்குள் விதை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு. ஆனால் ஒன்றரை ஷிப்ட் ஓடும் அம்மாவுக்கு லீவு என்றால் வாரச்சம்பளத்தில் ஓட்டை. தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களென்றால் கேட்க ஒரு அமுச்சிகூடப் பக்கத்தில் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பரிசோதிக்கச் சொல்லும் 30 குறைபாடுகளில் அன்னப்பிளவு உண்டு, வளைபாதம் உண்டு. இறங்காத விதை இல்லை.

ஆனால் தேதி ஏற்கெனவே குறித்திருக்கிறது. தடுப்பூசிக்கு நம் பெற்றோர் தவறாமல் வருகிறார்கள். 14 வாரத்தில் ஒன்று, 9 மாதத்தில் தட்டம்மை-ருபெல்லா, 16 மாதத்துக்குப் பிறகு பூஸ்டர். ஒன்பதாம் மாத ஊசி சரியாக அந்த ஆறு முதல் பதினெட்டு மாத இடைவெளிக்குள் விழுகிறது. தொடையில் ஊசி போடும் வயது, எப்படியும் ஜட்டியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு நர்ஸம்மாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: “பையனுக்கு ரெண்டும் எறங்கியிருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க.” கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவர் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். இல்லையென்றால் அந்த வாரமே சீட்டு வாங்கிக்கொண்டு குழந்தைகள் அறுவை நிபுணரிடம் போங்கள்.