மலையேற எந்த ஜீப் தோது? ஒரே ஆக்சிலா, தனித்தனி சஸ்பென்ஷனா?

தேனி மாவட்டத்தில் விடியற்காலை ஜீப் சத்தம் பழகிப்போன ஒன்று. போடி, கம்பம் பகுதிகளில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகள் இடுக்கி மலைக்கு ஏறுகின்றன. கொழுக்குமலை இருப்பதும் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவின் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும். கல்லும் பள்ளமுமான அந்தப் பாதைக்கு ஜீப்தான் கதி.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வண்டி மாற்றும்போது ஒரு குழப்பம் வரும். முன்பக்கம் ஒரே ஆக்சில் உள்ள பழைய ஜீப்பை வாங்குவதா, முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் மாடலுக்குப் போவதா? வட்டிக்கு வாங்கி வண்டி எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. இதுபற்றிய விவரம் வருமாறு:-

காவடி மாதிரி

ஒரே ஆக்சில் என்பது காவடித் தண்டு மாதிரி. இடது சக்கரம் கல் மேல் ஏறினால் வலது சக்கரம் கீழே அழுந்தும். அதனால் மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது இரண்டு சக்கரமும் மண்ணை விடாது. 1947-ம் ஆண்டு மகிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப் இந்த ரகம்தான். வில்லு வண்டியில் இருப்பது போன்ற வில்லுப்பட்டையும், இரும்பு ஆக்சிலும். 1985-ல் வந்த மாருதி ஜிப்சியும் அதே கதைதான்.

தனித்தனி சஸ்பென்ஷனில் ஒரு சக்கரம் குதித்தால் இன்னொன்றுக்கு அது தெரியாது. 2020-ல் வந்த புதிய தார் ஜீப்பின் முன்பக்கம் இப்படித்தான் இருக்கிறது. பின்பக்கம் மட்டும் அதிலும் ஒரே ஆக்சில். பொலிரோவிலும் முன்பக்கம் தனித்தனிதான்.

லோடு ஏறினால் என்ன ஆகும்?

இங்கேதான் சமாசாரம் இருக்கிறது. ஒரே ஆக்சில் வண்டியில் குடம் போல் தொங்கும் டிஃபரன்ஷியல், சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கும். எவ்வளவு ஆள் ஏறினாலும் பாடி தான் இறங்குமே தவிர, டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். டயர் காற்று குறைந்தால்தான் அது குறையும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால் முன் டிஃபரன்ஷியல் சேசிஸில் மாட்டியிருக்கும். வண்டி காலியாக நிற்கும்போது பார்த்தால் அடியில் நல்ல இடைவெளி தெரியும். ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும், அல்லது ஒரு பள்ளத்தில் முன்பக்கம் குத்தியதும், அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஷோரூமில் காலி வண்டியைக் குனிந்து பார்த்து முடிவு எடுத்தால் மலையில் கல் இடிக்கும்போதுதான் தெரியும்.

அதற்காக 'பழைய ஜீப் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும்' என்று ஆர்.சி. புக்கில் உள்ள சீட்டுக்கு மேல் ஆளை அடைப்பது தப்புக் கணக்கு. ஆக்சில் தாங்கலாம், இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டுமே? மேல்பாரம் கூடினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும். அதற்கு எந்த சஸ்பென்ஷனும் காவல் இல்லை.

தார் ரோட்டில் கதை மாறும்

ஒரே ஆக்சிலின் மொத்த எடையும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். வேகமாகப் போனால் இடுப்பு கழன்றுவிடும். கிங் பின், டை ராட் தேய்ந்த வண்டியாக இருந்தால் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுவென உதறும். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டி ரோட்டில் நேராக நிற்கும், வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். பாலைவன ரேஸ் வண்டிகளில் முன்பக்கம் தனித்தனியாக வைப்பதும் வேகத்துக்காகத்தான்.

பாதி நாள் தார் ரோடு, பாதி நாள் எஸ்டேட் மண் ரோடு என்று ஓட்டுபவருக்குத் தனித்தனி சஸ்பென்ஷனே மேல். முழங்கால் உயரக் கல்லில் தினமும் ஊர்ந்து போகிறவருக்கு ஒரே ஆக்சில்தான் சரி. புது வண்டியிலும் அது கிடைக்காமல் இல்லை. 2023-ல் வந்த மாருதி ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆக்சில், ஆனால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். மாறாக 2021-ல் வந்த போர்ஸ் கூர்க்கா முன்பக்கம் தனித்தனிக்கு மாறியது. சக்கரம் அந்தரத்தில் தூக்கினாலும் வண்டி நகர, இரண்டு ஆக்சிலுக்கும் டிஃபரன்ஷியல் லாக் கொடுத்தார்கள். லாக் இல்லாத வண்டியில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பழைய வண்டி வாங்கும்போது

பட்டை உடைந்தால் சின்ன ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிவிடலாம். தனித்தனி சஸ்பென்ஷனில் பால் ஜாயின்ட், புஷ், சி.வி. ஜாயின்ட் என்று சாமான் அதிகம், மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

ஒரே ஆக்சில் வண்டி என்றால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது பேரிங் போயிருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிகிறதா, பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் கவனிக்கணும். தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் முதலில் சி.வி. ஜாயின்ட் ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும். அது கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தாலோ, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலோ சீக்கிரமே செலவு வரும். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.