கழுகும் காலந்திருப்பியும்

எரிமலைச் சரிவில் சாகக் கிடந்த ஃப்ரோடோவையும் சாமையும் கழுகுகள் வந்து தூக்கிச் சென்றனவே, அவையே முதலில் மோதிரத்தைச் சுமந்துபோய் அந்த நெருப்பில் போட்டிருக்கலாமே? டோல்கீனின் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்கும் கேள்வி இது. காலந்திருப்பியால் மூன்று மணி நேரம் பின்னால் போய் சிரியஸ் பிளாக்கை மீட்க முடிந்ததே, மாணவன் செட்ரிக் கொல்லப்பட்ட இரவுக்கு ஏன் ஒருவரும் திரும்பிப் போகவில்லை? இது ஹாரி பாட்டர் வாசகர்களின் வழக்கு. இரண்டுக்கும் 'லாஜிக் ஓட்டை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அருகருகே வைத்துப் படிக்கும்போது, இரண்டும் வேறு வேறு என்றே எனக்குப் படுகிறது.

பொதுவான அம்சம் ஒன்று உண்டு. வேறு வழியே இல்லாத நேரத்தில் கைகொடுத்த உதவிகள் இவை. ஓர் உதவி ஒருமுறை பலித்துவிட்டால், மற்ற ஆபத்துகளிலும் அது ஏன் வரவில்லை என்று வாசகர் கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கழுகுகளிடமிருந்து தொடங்குவோம். 1954-55இல் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலில், எல்ராண்டின் அவையில் பல யோசனைகள் அலசப்படுகின்றன. மோதிரத்தை டாம் பாம்படிலிடம் ஒப்படைக்கலாமா, கடலில் எறிந்துவிடலாமா என்றெல்லாம் பேசுகிறார்கள். மோதிரத்தைக் கழுகுகளிடம் கொடுக்கும் யோசனை பற்றி மூச்சே இல்லை. வாசகரின் புகார் இந்த மௌனத்தின் மீதுதான். ஆனால் விடைக்கான தடயங்கள் நூல்களில் சிதறிக் கிடக்கின்றன. 1937இல் வந்த 'தி ஹாபிட்'டிலேயே, மனிதர் வாழும் இடத்துக்கு அருகே பறக்கக் கழுகரசன் மறுத்துவிடுகிறான். ஆடு திருட வந்ததாக நினைத்து அம்பெய்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. ஆர்த்தாங்க் கோபுரத்திலிருந்து மந்திரவாதி காண்டால்ஃபை மீட்கும் க்வைஹிர் என்ற கழுகு, தான் செய்தி கொண்டுவர அனுப்பப்பட்டவன், சுமை தூக்க அல்ல என்று சொல்லி, ரோஹன் வரை மட்டுமே சுமந்து செல்கிறான். திட்டத்தின் உயிரே ரகசியம்தான்: மோதிரத்தை அழிக்க ஒருவர் நினைப்பார் என்பதே மோர்டாரின் அதிபதி சௌரானின் புத்திக்கு எட்டாத விஷயம். பட்டப்பகலில் அவன் வானில் ஒரு பெரிய கழுகு நுழைந்தால் அந்த ரகசியம் என்னாகும்? கடைசியில் அவை உள்ளே பறந்தது மோதிரம் அழிந்து, சௌரான் வீழ்ந்த பிறகு என்பதையும் மறக்கக் கூடாது.

காலந்திருப்பியின் கதை வேறு. 1999இல் வந்த மூன்றாம் ஹாரி பாட்டர் புத்தகத்தில், கூடுதல் வகுப்புகளுக்குப் போவதற்காக ஹெர்மாய்னிக்கு அது கிடைக்கிறது. அந்த ஒரு நூலுக்குள் அதன் அமைப்பு மிக நேர்த்தி. முதலில் கேட்ட கோடரிச் சத்தம் மரண தண்டனை விதிக்கப்பட்ட பக்பீக் என்ற விலங்கின் சாவு என்று நம்புகிறோம்; திரும்பிப் போய்ப் பார்த்தால், தண்டனையை நிறைவேற்ற வந்தவன் ஆத்திரத்தில் வேலியில் கோடரியை இறக்கிய சத்தம் அது. ஏரிக்கரையில் தன்னைக் காத்தது தந்தை என்று ஹாரி எண்ணினான்; காத்தவன் அவனே. அதாவது நடந்தது எதுவும் மாறவில்லை. இந்த விதியை ஏற்றால், எல்லோரும் உடலைக் கண்டுவிட்ட செட்ரிக்கின் மரணத்தையும் மாற்ற முடியாது. ரசிகர்கள் வைக்கும் சிறந்த வாதம் இது. ஆனால் நூல் இந்த விதியை எங்கும் உறுதியாகச் சொல்வதில்லை. மாறாக, காலத்தோடு விளையாடித் தங்கள் பழைய உருவத்தையே தவறுதலாகக் கொன்றவர்கள் உண்டு என்று ஹெர்மாய்னி எச்சரிக்கிறாள். பழைய உருவத்தைக் கொல்ல முடியுமென்றால், நடந்ததை மாற்றவும் முடியும்தானே! நிகழ்ச்சிகள் ஒன்று சொல்ல, பாத்திரத்தின் பேச்சு வேறொன்று சொல்கிறது.

என் கணிப்பில் முக்கிய வேறுபாடு இதுதான்: கழுகு மறுக்கும், கருவி மறுக்காது. கழுகுக்குச் சொந்த விருப்பமும் பயமும் எல்லையும் உண்டு. அதனிடம் கேட்க வேண்டும். காலந்திருப்பியைத் திருகினால் போதும். மறுக்கத் தெரியாத ஒன்றைக் கதைக்குள் கொண்டுவரும் ஆசிரியர், அதன் எல்லையைத் தாமே வரைந்தாக வேண்டும்.

இரு ஆசிரியர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இதை உணர்ந்தார்கள். 1958இல் ஒரு திரைக்கதை முன்வரைவைப் படித்த டோல்கீன், கழுகுகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். தாம் அவற்றைச் சிக்கனமாகவே கையாண்டதாகவும், அதற்கு மேல் போனால் நம்பகம் கெடும் என்றும் எழுதினார். ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கும் காலப் பயணத்தைத் தாம் யோசிக்காமல் கதைக்குள் கொண்டுவந்துவிட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், அமைச்சகத்துச் சண்டையில் காலந்திருப்பிகள் இருந்த அலமாரியே நொறுங்குகிறது. அதன்பின் அவற்றை யாரும் எடுக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய நூலில் நடந்த செட்ரிக்கின் மரணத்துக்கு இது விடையாகாது.

உண்மையான பிழைகளைத் திருத்தியதிலும் இருவருக்கும் இடையே ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறேன். 2000இல் வந்த நான்காம் புத்தகத்தில், வால்டெமார்ட்டின் மந்திரக்கோலிலிருந்து கொல்லப்பட்டவர்களின் நிழல்கள் தலைகீழ் வரிசையில் வெளிவரும். ஹாரியின் பெற்றோரில் பின்னர் இறந்த தாய் லில்லிக்கு முன்பே தந்தை ஜேம்ஸ் வந்துவிட்டார். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள், அடுத்த அச்சுகளில் வரிசை மாறியது. 'தி ஹாபிட்'டின் முதல் பதிப்பிலோ, விடுகதைப் போட்டியில் பில்போவிடம் தோற்ற கோல்லம் மோதிரத்தைப் பரிசாகத் தரவே சம்மதித்திருந்தான். பிந்தைய கதைக்கு அது பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயம் மாறியது. டோல்கீன் அதோடு நிற்கவில்லை. பழைய வடிவத்தை பில்போ சொன்ன பொய்யாக ஆக்கினார். நேர்மையான பில்போவையே பொய் சொல்ல வைத்தது மோதிரம் என்பதால், அந்தப் பிழையே மோதிரத்தின் தீமைக்கு முதல் சாட்சியாகிவிட்டது.

வாதிடும் ரசிகர்களை வேலையற்றவர்கள் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மந்திரக்கோலின் வரிசையைக் கண்டுபிடித்தது அவர்களின் கண்தான். கழுகரசனின் மறுப்பைத் தேடி எடுத்ததும் அதே கண்தான். முதலாவதில் வாசகர் சொன்னது சரி, நூல் திருந்தியது. இரண்டாவதில் நூல் சொன்னது சரி, வாசகர் மீண்டும் படித்துத் தெளிந்தார்.