மரதன் தூரத்தை அளந்த மனிதர்

மரதன் ஓட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கனபேர் உடனே சொல்லிவிடுவார்கள்: 42.195 கிலோமீற்றர். ஆனா அந்தத் தூரத்தை ரோட்டில சரியாக அளக்கிறது எப்படி, அதைச் செய்தது யார் எண்டு கேட்டால் ஒருத்தரிட்டயும் பதில் இருக்காது. மெய்வல்லுநர் வரலாறு என்றாலே நாங்கள் பதக்கப் பட்டியலைத்தான் தேடுகிறோம். இந்தக் கட்டுரை ஒலிம்பிக்கில் 44ஆம் இடத்தில் வந்த ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் டெட் கோர்பிட்.

1919இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பருத்தி விளைவித்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முன்தலைமுறை அடிமைகளாக வாழ்ந்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நன்றாக ஓடினார். ஆனால் கறுப்பினத்தவரோடு ஓட வெள்ளையின வீரர்கள் மறுத்ததால் சில போட்டிகளில் அவரைச் சேர்க்கவே இல்லை. பிறகு நியூயோர்க்கில் இயன்மருத்துவரானார். அங்கே ஹார்லெமில், நிறம் பார்க்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட நியூயோர்க் பயனியர் கழகத்தில் இணைந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மரதன் ஓடினார். அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் மரதன் ஓடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1954இல் தேசிய மரதன் சம்பியனும் ஆனார்.

இதில காசு வந்ததா? இல்லை. அது அமெச்சூர் காலம். ஓடிச் சம்பாதித்தால் தடை. அதனால் பகலில் நோயாளிகளைப் பார்த்தார். பயிற்சிக்கு நேரம் வேண்டுமே, வேலைக்குப் போற வழியையே பயிற்சியாக்கினார். பஸ்ஸும் ரயிலும் ஓடுற நகரத்தில, வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கு ஓடியே போய்வந்தார்.

ஓடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பெரிய தலையிடி இருந்தது. ரோட்டு ஓட்டங்களின் தூரத்தை நம்ப முடியாது. ஏற்பாட்டாளர்கள் காரிலே ஒருக்காப் போய், மீற்றரைப் பார்த்து, "சரி, இவ்வளவு தூரம்" என்று எழுதிவிடுவார்கள். கோர்பிட் தன் முதல் மரதனை 1951இல் பொஸ்டனில் ஓடினார். அந்த வருடம் முதல் 1956 வரை, ரோட்டு மாற்றங்களால் பொஸ்டன் பாதை ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகக் குறைந்திருந்தது. உலகின் பழைய மரதன்களில் ஒன்றுக்கே இந்த நிலை! தூரம் பிழை என்றால் நேரமும் பிழை, சாதனையும் பிழை.

பிரித்தானியாவில் ஜோன் ஜூவெல் என்பவர் இதைப் பற்றி ஏற்கனவே ஆராய்ந்திருந்தார். அந்த வேலையைக் கோர்பிட் அமெரிக்காவில் முன்னெடுத்தார். 1964இல் ரோட்டு ஓட்டப் பாதைகளை அளப்பது பற்றி ஒரு சிறு நூலை எழுதினார். அவர் பரப்பிய வழிக்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. ஒரு சைக்கிள் போதும். முதலில் உருக்கு நாடாவால் ஒரு நேர்த் துண்டைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதன்மேல் பல தடவை சைக்கிள் ஓடி, அந்தத் தூரத்துக்குச் சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கை வைத்து முழுப் பாதையையும் அளக்கலாம். வெயில் ஏற ரயரில் காற்றழுத்தம் மாறும், சில்லின் சுற்றளவும் மாறும். ஆகவே வேலை முடிந்ததும் திரும்ப அந்த நேர்த் துண்டுக்கு வந்து சரிபார்க்க வேண்டும். கேட்க லேசு, செய்யப் பொறுமை வேணும்.

1958இல் தொடங்கிய நியூயோர்க் ரோட்டு ஓட்டக்காரர் கழகத்தின் முதல் தலைவரும் இவரே. அப்போது அது சில பத்துப் பேர் கொண்ட சின்னக் கூட்டம். 1970இல் அந்தக் கழகம் சென்ரல் பார்க்கில் முதலாவது நியூயோர்க் மரதனை நடத்தியது. 127 பேர் தொடங்கி 55 பேர்தான் முடித்தார்கள். முடித்தவர்களில் 51 வயதுக் கோர்பிட்டும் ஒருவர். இன்றைக்கு அதே மரதனில் 50,000 பேருக்கு மேல் ஓடுகிறார்கள்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே நகரம் பிறகு ஒரு பாடம் சொன்னது. 1981 நியூயோர்க் மரதனில் அல்பேர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 செக்கனில் ஓடி உலகின் அதிவேக நேரத்தைப் பதித்தார். சில வருடங்கள் கழித்துப் பாதையைத் திரும்ப அளந்தபோது 148 மீற்றர் குறைவு என்று தெரிந்தது. சாதனை கைவிட்டுப் போனது. ஓடியவரில் ஒரு பிழையும் இல்லை.

அதனால்தான் இப்போது மரதன் பாதைக்குக் கிலோமீற்றருக்கு 1 மீற்றர் வீதம், மொத்தம் 42 மீற்றர் கூட்டியே வைக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள்.

கோர்பிட் 2007இல், 88 வயதில் காலமானார். அவர் இருந்த காலத்திலேயே புதிய ஓட்டக்காரர் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. தன்னை ஓடவே விடாத மைதானங்களைப் பார்த்த ஒரு மனிதர், எவர் ஓடினாலும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு உழைத்திருக்கிறார். இன்றும் ஒரு பெரிய மரதன் நடக்க முதல், யாரோ ஒருவர் சைக்கிளில் அந்தப் பாதை முழுக்க ஓரம் பிடித்து ஓடி அளந்திருப்பார். அவருக்குப் பதக்க மேடை இல்லை. ஆனா மேடையில ஏறுறவரின்ர நேரத்தை நாங்கள் நம்புறது அவரை நம்பித்தான்.